சொந்தமா, அசலா?

தாட்சாயிணி: கடசியா கேக்கறேன் கோபி. எடுக்கறியா, இல்லியா?

கோபி: இன்னாத்தக்கா எடுக்கறது? ஜெராக்ஸா, பிரிண்ட் அவுட்டா? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?

தாட்சாயிணி: இந்த நக்கலெல்லாம் உன் கஸ்டமராண்ட வெச்சிக்கோ. என்னாண்ட காட்டாத.

கோபி: வந்ததும் வராததுமா கடையில நின்னுகினு கத்தனா நான் இன்னா பண்ணுவேன்? மொதல்ல குந்து. மாங்காட்டுலருந்து பஸ்ல நின்னுகினே வந்தியா? மோரு சொல்லட்டா?

தாட்சாயிணி: உன் மோரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்த கம்ப்யூட்டர இப்டி திருப்பு. திருப்புடா! படி. நீ நெட்டுல போட்டதுல மேல கொட்ட எழுத்துல இன்னா கீது?

கோபி: 'நசரத்பேட்டை ஏகாம்பரம் வகையறா வம்சாவளி.'

தாட்சாயிணி: அதுக்குக் கீழ?

கோபி: 'தொகுத்தவர்: கோபி ஜெராக்ஸ், பூந்தமல்லி.'

தாட்சாயிணி: அதுக்கும் கீழ?

கோபி: 'கலர் பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் செய்து தரப்படும்.' ஒரு வெளம்பரம்தானேக்கா... நூத்தி முப்பது பேரு பாத்துக்கீறாங்க.

தாட்சாயிணி: த்தூ. சொந்த சித்தப்பன் புள்ளன்னு பாக்கறேன். வேற எவனாவது இருந்தா இந்த மிஷினத் தூக்கி ரோட்டுல போட்டுருப்பேன். பதினோரு வருசம்டா! ஞாயித்துக்கெழமன்னா எல்லாரும் ஊட்டுல கறி ஆக்கித் துன்னுட்டு தூங்குவாங்க. நான் எங்க போனேன்? சாவு வுழுந்த ஊடு ஊடா ஏறி எறங்கி, பழைய கருமாதி பத்திரிக கீதான்னு கேட்டுகினு திரிஞ்சேன்.

கோபி: தெரியும்க்கா.

தாட்சாயிணி: இன்னா தெரியும் உனக்கு? எவன்டா அந்த காயிதத்த ஊட்டுக்குள்ள வெப்பான்? படிச்சதும் மூலைய கிழிச்சிட்டு வெளிய எங்கனா சொருவிட்டுப் பூடுவான். கேட்டுல சொருவனது, ஓட்டுல சொருவனது, எலி துன்னது... அப்டி சேத்தேன். முந்நூத்தி நாப்பது காயிதம். மவன் யாரு, மருமவன் யாரு, பேரன் பேத்தி யாருன்னு அதுலதான் வரிசையா போட்டிருப்பான். கல்யாணப் பத்திரிகயில சண்டக்காரன் பேர வுட்டுடுவான், சாவுக்கு வுடமாட்டான். எங்க மாமியா அந்தக் காயிதப் பொட்டிய வாசப்படி தாண்ட வுடல. ஸ்கூட்டர் நிறுத்தற ஷெட்டுல வெச்சி, கொசுக்கடியில குந்திகினு ஒவ்வொரு பேரா எழுதனேன்.

கோபி: அதத்தான் நான் ஊரு ஒலகத்துக்கே போட்டுக் காட்டிக்கீறேன்.

தாட்சாயிணி: உம்பேரப் போட்டு! ஸ்கூல்லயே நீ அப்டித்தான். நான் முடிச்ச சயின்ஸ் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டய மாத்தி, உம்பேர எழுதிக் குடுத்தவன்தானே நீ?

கோபி: அதுல நீ தவளைக்கு அஞ்சு காலு வரஞ்சிருந்த. டீச்சர் என் காதத் திருவி எடுத்துட்டாங்க. உன் தப்புக்கும் சேத்து அடி வாங்கனவன்க்கா நானு.

ரேவதி: அண்ணா... இந்த ரேஷன் கார்டு ரெண்டு காப்பி எடுத்துக் குடுண்ணா.

கோபி: குடும்மா. முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே பக்கத்துல வரட்டுமா?

ரேவதி: ஆங். இவங்க யாருண்ணா, உங்க அக்காவா? அதே ஜாட. இன்னாக்கா, கோவமா கீறீங்க?

தாட்சாயிணி: கோவம் இல்லம்மா. பொண்ணு கல்யாணம்... பத்திரிக விசயமா பேசிகினு கீறோம்.

ரேவதி: அட! நல்லபடியா நடக்கட்டும். எப்ப முகூர்த்தம்?

தாட்சாயிணி: வர்ற பதினாலாந் தேதி.

ரேவதி: ஆவணி கடசி முகூர்த்தமா? நல்ல நாளுக்கா. மாப்ள சொந்தமா, அசலா?

கோபி: இந்தாம்மா, காப்பி ரெடி.

ரேவதி: தாங்க்ஸ்ணா. சொந்தமாக்கா?

தாட்சாயிணி: ...அசலு.

ரேவதி: அசல்ல குடுக்கறதே மேலுக்கா. சொந்தத்துல குடுத்துட்டு நாங்க படற பாடு எங்களுக்குத்தான் தெரியும். வரேண்ணா.

தாட்சாயிணி: இன்னாடா மொறைக்கற?

கோபி: அசலாக்கா?

தாட்சாயிணி: வாய மூடு.

கோபி: நின்னு போன கல்யாணத்துக்கு தேதி வேற சொல்ற.

தாட்சாயிணி: நிக்கல. நிறுத்தி வெச்சிக்கீறாங்க. மண்டபத்த இன்னும் வேணாம்னு சொல்லல. சமையக்காரனுக்கும் சொல்லல. உன் மாமா ஒருத்தருக்கும் போன் பண்ணல, அப்டியே செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீறாரு. இன்னிக்கி வியாழக்கெழம. இன்னும் பத்து நாளு கீது.

கோபி: பத்து நாள்ல இன்னா மாறும்?

தாட்சாயிணி: நீ மாத்துவ. அதுக்குத்தான் வந்துக்கீறேன். கேளு. திங்கக்கெழம காலீல சம்மந்தி மனோகரனுக்கு மெயிலு வந்துக்கீது. 'வாழ்த்துக்கள்! உங்கள் குடும்பத்தில் புதிய உறவு கண்டுபிடிக்கப்பட்டது.' வாழ்த்தாம்டா! அமுத்திப் பாத்துக்கீறாரு. நீ போட்ட வம்சாவளி தொறந்துகிச்சி. எங்கப்பா உத்தமன் பேரு ஒரு கட்டத்துல. அதுக்குக் கீழ ரெண்டு கோடு. ஒரு கோட்டுல நானு. இன்னொரு கோட்டுல மனோகரன் பொண்டாட்டி கலைவாணி.

கோபி: ம்.

தாட்சாயிணி: 'ம்'மா? சம்மந்தியம்மா எனக்குத் தங்கச்சின்னு போட்டுக்கீறடா. அப்ப மாப்ள பாபு யாரு எனக்கு? தங்கச்சி புள்ள. அப்ப ஸ்வாதிக்கு...

கோபி: அண்ணன்.

தாட்சாயிணி: சொல்லாதடா!

கோபி: நான் சொல்லலன்னா முறை மாறிடுமா?

தாட்சாயிணி: உன் சைட்டுலயே ஸ்வாதி பேரையும் பாபு பேரையும் சேத்து அமுத்தனா 'கசின்'னுதான் வருது. நான் பாத்தேன்.

கோபி: இங்கிலீஷ்காரனுக்கு அத்த மவனும் கசினு, சின்னம்மா மவனும் கசினு. மாப்ள ஊரு அண்ணனூர்ல அப்டி இல்லியேக்கா. அத்த மவன்னா மாலைய மாத்து, சின்னம்மா மவன்னா கையில ராக்கி கட்டு. அதானே?

தாட்சாயிணி: சரி. பேசி இன்னா ஆவப்போவுது. மனோகரனுக்கு போன் போடு. இப்பவே, என் எதிர்லயே. 'சார், நான்தான் டைப் பண்ணசொல்ல தப்பு பண்ணிட்டேன். அது வேற உத்தமன்'னு சொல்லு.

கோபி: வேற எந்த உத்தமன்?

தாட்சாயிணி: ஆவடியில ஒருத்தன், அம்பத்தூர்ல ஒருத்தன்! ஊருக்கு பத்து உத்தமன் கீறான்டா. நீ பேரு ஒண்ணா இருக்கறதப் பாத்து சேத்துட்ட. நான் கேள்விக்குறி போட்டு வெச்சிருந்தேன், சந்தேகம்னு. நீ காப்பி அடிக்கற அவசரத்துல கேள்விக்குறிய வுட்டுட்ட. அவ்ளோதான் விசயம்.

கோபி: கேள்விக்குறி போட்டியா?

தாட்சாயிணி: போட்டேன்.

கோபி: காப்பி அடிக்கறவன் எதையும் வுடமாட்டான்க்கா. தவளைக்கு அஞ்சாவது காலையே வுடாதவன் நானு.

தாட்சாயிணி: அப்ப நான் பொய் சொல்றனா? மொதல்ல நீ சொல்லு. நம்ம பங்காளிங்க குரூப்புல நான் போட்டது பழைய பைலு. அதுல கலைவாணின்னு ஒரு பேரே கெடயாது. உனக்கு அந்தப் புது பைலு எங்கருந்து வந்தது?

கோபி: ஆடி மாசம் கூழு ஊத்தனப்ப உன் ஊட்டுக்கு வந்தேன்ல... அப்ப சுட்டுட்டேன்.

தாட்சாயிணி: நீ கீழ பந்தல்லயே இருந்த. மாடிக்கே வரல.

கோபி: வந்தேன். நீ கவனிக்கல, கரண்டிய புடிச்சிகினு இருந்த.

தாட்சாயிணி: திருட்டுப்பயலே! என் ஊட்டுல கூழு குடிச்சிட்டு என் பொண்ணுக்கே வாய்க்கரிசி போட்டுக்கீற.

கோபி: திட்டு. நல்லா திட்டிக்கோ. அப்பால நான் ஒண்ணு படிக்கறேன், கேளு. உன் பைலு. வரிசை நம்பர் இருநூத்தி பன்னெண்டு. 'கலைவாணி. தகப்பனார் உத்தமன், ரயில்வே ஷெட், அண்ணனூர். தாயார் ராஜகுமாரி.' அதுக்குப் பக்கத்துல ஆதாரம்னு ஒரு கட்டம் போட்டுக்கீற. 'ராஜகுமாரி அம்மாள் கருமாதி பத்திரிகை. உடன் வேலை செய்த தங்கவேல் நேரில் சொன்னது.' அடுத்த கட்டத்துல ஒரே வார்த்த.

தாட்சாயிணி: படிக்காத.

கோபி: 'உறுதி.' கேள்விக்குறி எங்கக்கா? தேதியும் போட்டுக்கீற. சோக்கா, சுத்தமா. போன வருசம் ஜூலை இருவது. ஸ்வாதி இந்தப் பையனப் பத்தி உன்னாண்ட எப்ப சொல்லிச்சி?

தாட்சாயிணி: ...தையில.

கோபி: ஜூலைக்கு அப்பறம்தான் தை வரும்.

ரேவதி: அண்ணா! ஒரிஜினல் கார்ட மிஷினுக்குள்ளயே வுட்டுட்டேண்ணா. நல்லவேள, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பூட்டேன்... அய்யோ, இன்னாக்கா அழுவறீங்க?

தாட்சாயிணி: ஒண்ணியும் இல்லம்மா. கல்யாண வேல... தூக்கமே இல்ல. கண்ணு எரியுது.

ரேவதி: அப்டித்தாங்க்கா. பொண்ணு ஊட்ட வுட்டு போவுதுன்னா பெத்தவளுக்கு தூக்கம் வராதுதான். நல்ல எடமா குடுத்துக்கீறீங்க, அழாதீங்க.

கோபி: இந்தாம்மா உன் கார்டு. பாத்துப் போ, வண்டி வருது.

தாட்சாயிணி: ...போயிட்டாளா?

கோபி: பூட்டா. தண்ணி குடி.

தாட்சாயிணி: அந்த தங்கவேலு இன்னா சொன்னார் தெரியுமா? நான் போனது வேற எதுக்கோ. அப்பாவோட ஷெட்டுல யார் யாரு நம்ம சொந்தம்னு கேக்கப் போனேன். அந்தாளு சிரிக்கறாரு. 'உங்கப்பன் வாரத்துக்கு மூணு நாளு நைட் ஷிப்ட்டுன்னு உங்கம்மாளாண்ட சொல்லிகினு வருவானே, அவனுக்கு ஷெட்டுல நைட் ஷிப்ட்டே கெடயாதும்மா'ன்னாரு.

கோபி: பெரியப்பாவா...

தாட்சாயிணி: எங்கம்மா அந்த மூணு நாளும் டிபன் கேரியர்ல சோறு கட்டிக் குடுத்துச்சிடா. அடித்தட்டுல சோறு, நடுவுல கொழம்பு, மேல வறுவலு. ஆம்பள ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கறானேன்னு முட்ட வேற. அந்த சோத்த யார் யாரு பங்கு போட்டுத் துன்னாங்க? உத்தமன்! எவன் வெச்சான் அந்தப் பேர? கலைவாணி எனக்கு அஞ்சு வயசு சின்னவ. நான் ஒண்ணாவது படிக்கசொல்ல அவளுக்குத் தொட்டில் கட்டிக்கீறாரு அந்த மனுசன்.

கோபி: அப்ப எதுக்குக்கா எழுதன? வுட்டுட்டிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காதே.

தாட்சாயிணி: எழுதாம இருக்க முடிலடா. பத்து வருசமா ஒவ்வொரு பேருக்கா நாயா அலைஞ்சவ நானு. தெரிஞ்சே ஒரு பேர வுட்டா, எழுதன மத்த பேரெல்லாம் பொய்யாயிடும்னு தோணிச்சி. எனக்கு மட்டும்னு வேற பைல்ல எழுதி மூடி வெச்சேன். செத்தா என்னோட போவட்டும்னுதான் இருந்தேன். எவன் கண்டான், அவ புள்ளயே என் பொண்ணுக்கு மாப்ளயா வந்து நிப்பான்னு?

கோபி: எப்ப புரிஞ்சது உனக்கு?

தாட்சாயிணி: ஸ்வாதி சொன்ன அன்னிக்கே. 'அம்மா, அம்பத்தூர்ல என்கூடத்தான் வேல செய்றாரு. பேரு பாபு. ஊடு அண்ணனூரு. அவங்கம்மா பேரு கலைவாணி'ன்னா. ஊருக்கு பத்து கலைவாணி இருப்பான்னு மனசத் தேத்திகினேன். அப்பறம் போட்டோ காட்டனா. எங்கப்பா மூக்குடா! அந்தம்மா மொகத்துல எங்கப்பா மூக்க அப்டியே எடுத்து வெச்சிக்கீறான்.

கோபி: அப்பவே சொல்லிருக்கலாமே.

தாட்சாயிணி: எப்டிடா சொல்லுவேன்? முப்பது வயசு. அஞ்சு வருசமா எத்தினி பேரு வந்து பஜ்ஜி துன்னுட்டு, பொண்ணு குண்டா கீதுன்னு சொல்லிட்டுப் பூட்டானுங்க. ஒரு பையன் அவளப் பாத்து, புடிச்சிருக்குன்னு சொல்லிக்கீறான். அவ சிரிச்சி நான் எத்தினி வருசம் கழிச்சி பாக்கறேன் தெரியுமா? தலைக்கு குளிச்சிட்டு பாட்டு பாடிகினு வர்றாடா என் பொண்ணு. அவளக் கூப்ட்டு, 'உன் தாத்தன் இப்டி, அவன் உனக்கு அண்ணன் முறை'ன்னு சொல்றதா? நான் ஒருத்தி வாய மூடிகினா போதும்னு நெனச்சேன். தங்கவேலுவும் தையிலயே செத்துப் பூட்டாரு. கலைவாணிக்கே அவ அப்பனோட மொத ஊடு எதுன்னு தெரியாது. தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

கோபி: முறை இல்லக்கா அது.

தாட்சாயிணி: முறை! பெரிய முறையக் கண்டுட்ட. கலைவாணி ஆம்பளையா பொறந்திருந்தா இன்னா பண்ணிருப்பீங்க? அத்த பொண்ணு, மாமன் புள்ள, வுட்டுப்போன சொந்தம் கூடிகிச்சின்னு மேளத்த ரெண்டு செட்டா வெச்சிருப்பீங்க. அதே ரத்தம்தானடா! அதே அப்பன்தானே! அவ பொம்பளையா பொறந்ததுக்கு என் பொண்ணு தாலி இல்லாம நிக்கணுமா?

கோபி: அத நீ ஸ்வாதியாண்ட சொல்லிட்டு, அது இன்னா சொல்லுதுன்னு கேட்டிருக்கணும்.

தாட்சாயிணி: அவளுக்கு இதெல்லாம் வேணாம்.

கோபி: அந்தம்மா பேசுச்சா? கலைவாணி?

தாட்சாயிணி: ...செவ்வாக்கெழம போன் பண்ணா. திட்டப்போறான்னு நெனச்சேன். 'சம்மந்தி'ன்னா. ஒடனே, 'இல்ல... இனிமே அக்கான்னு கூப்புடணுமோ?'ன்னா.

கோபி: அய்ய...

தாட்சாயிணி: அழுவல. கோவப்படல. 'ஊட்டுக்காரரு என்ன ஒரு மாதிரி பாக்கறாருக்கா. சின்ன ஊட்டு பொண்ணக் கட்டிகினோமான்னு மாமியா வாய்விட்டே கேக்குது. அது கெடக்கட்டும். எனக்கு அப்பா மொகம் மறந்து பூட்ச்சி. எங்கூட்ல ஒரு போட்டோ கூட இல்ல. உங்களாண்ட இருந்தா ஒண்ணு அனுப்பறீங்களாக்கா?'ன்னு கேட்டா.

கோபி: நீ இன்னா சொன்ன?

தாட்சாயிணி: 'உங்கப்பா வேற யாரோம்மா. எங்கப்பா அப்டிப்பட்ட ஆளு இல்ல. என் தம்பி தப்பா போட்டுட்டான்'னு சொன்னேன்.

கோபி: நீ சொன்ன...

தாட்சாயிணி: சொன்னேன்! பின்ன இன்னா பண்ணுவேன்? 'அப்டியா, மன்னிச்சிக்கங்க சம்மந்தி'ன்னு வெச்சிட்டா. மன்னிப்பு கேக்கறாடா அவ என்னாண்ட. கூடத்துல எங்கப்பா போட்டோ மாலையோட தொங்குது. அதுக்கு நேரா நின்னுகினு சொன்னேன் அத. எனக்கு மட்டும் நெஞ்சு இல்லியா? ஆனா எனக்குத் தங்கச்சி முக்கியமா, பொண்ணு முக்கியமா? நீயே சொல்லு. அவ பாதி நம்பிட்டா. நீ ஒரு வார்த்த சொன்னா மீதியும் நம்பிடுவா. மனோகரன் சும்மா கெடந்து குதிக்கறாரே தவிர, அவருக்கும் இந்த அசிங்கம் பொய்யா இருந்தா நிம்மதிதான். அவருக்குத் தேவை ஒரு ஆளு. 'நான்தான் தப்பு பண்ணேன்'னு சொல்ல ஒரு ஆளு. போடு போன.

கோபி: முடியாதுக்கா.

தாட்சாயிணி: ஏன்? உன் மானம் பூடுமா? கோபி ஜெராக்ஸ்ல தப்பா டைப் பண்ணுவான்னு கஸ்டமரு ஓடிடுவானா?

கோபி: அது இல்ல.

தாட்சாயிணி: சரி. இப்ப கேளு. உம்பேரே இருக்கட்டும். தொகுத்தவர் கோபின்னே இருக்கட்டும். நான் எங்கயும் வாயத் தொறக்கமாட்டேன். ஷெட்டுல இருக்கற பொட்டியக் கூட எடுத்துக்கோ, முந்நூத்தி நாப்பது காயிதத்தையும் எடுத்துக்கோ. நீதான் ஊடு ஊடா போய் சேத்தன்னு நானே குரூப்புல எழுதறேன். வேணும்னா குலதெய்வம் கோயில்ல பேனர் கட்டு, உன் போட்டோவ போட்டு. சைட்டுல கலைவாணி பேரு கீற அந்த ஒரு கட்டத்த மட்டும் எடுத்துடு. ஒரே ஒரு பேரு.

கோபி: பதினோரு வருசத்த எனக்குக் குடுக்கறியா?

தாட்சாயிணி: குடுக்கறேன். நாசமாப் போன பதினோரு வருசம். எவன் கேட்டான் என்ன, எழுதுன்னு? செத்தவன் காயிதத்த சேத்தியே, அதான் கல்யாணம் நின்னுச்சின்னு மாமியா காலீலருந்து சாயங்காலம் வரைக்கும் சொல்லிகினு கீது. சரின்னுதான் தோணுது எனக்கும்.

கோபி: எடுத்துட்டா? கல்யாணத்த நடத்துவியா?

தாட்சாயிணி: நடத்துவேன்.

கோபி: தெரிஞ்சே?

தாட்சாயிணி: தெரிஞ்சேதான். நரகத்துக்குப் போறதுன்னா நான் போறேன். அவ நல்லா இருக்கட்டும்.

கோபி: ஸ்வாதி எப்டி கீது?

தாட்சாயிணி: ரூம சாத்திகினு கீறா. மூணு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. தட்ட வெச்சா துன்றா, எடுத்தா கைய கழுவறா. அவங்க ஊட்ல ஜாதகத்துல ஏதோ கோளாறுன்னு இழுக்கறாங்கன்னு சொல்லி வெச்சிக்கீறேன். என் மொகத்தயே பாக்கமாட்டறா. அந்தப் பையன் நெனப்புல கெடந்து உருகறா பாவம்.

கோபி: பாபு நெனப்புலயா?

தாட்சாயிணி: பின்ன? நீ போட்ட கூத்து இன்னும் அவளுக்குத் தெரியாது. நீ போன் போடலன்னா, இன்னிக்கே போய் சொல்லுவேன். 'உன் கோபி மாமாதான்டி உன் வாழ்க்கைய கெடுத்தான். என்னோடத திருடி, இல்லாத பொல்லாதத எழுதி, கல்யாணத்த நிறுத்தனான்'னு சொல்லுவேன். மாமா மாமான்னு உன்ன சுத்தி வர்றவ. அப்பறம் ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்கமாட்டா.

கோபி: சொல்லு. நீ சொல்லணும்னுதான் ஸ்வாதியும் நெனைக்குது.

தாட்சாயிணி: இன்னா ஒளர்ற?

கோபி: ஒண்ணும் இல்ல. நீ ஊட்டுக்குப் போக்கா. ஆட்டோ புடிச்சித் தரேன்.

தாட்சாயிணி: போவமாட்டேன். கோபி... டேய்... இங்க பாரு. நான் இதுவரைக்கும் ஒருத்தன் கால்லயும் வுழுந்ததில்ல. எங்கப்பா பொணத்தோட கால தொட்டு கும்புட்டதோட சரி. இப்ப உன் கால்ல...

கோபி: அய்யோ, எழுந்திரு! யக்கா! ரோட்டுல போறவன்லாம் பாக்கறான். எழுந்திரு மொதல்ல.

தாட்சாயிணி: போன் பண்றேன்னு சொல்லு, எழுந்திருக்கறேன். உனக்கு எம்மேல இன்னாடா வஞ்சம்? சின்ன வயசுல ஏதாவது செஞ்சனா? ஏன்டா என்னோடத திருடன? ஏன்டா?

கோபி: நான் திருடலக்கா. சத்தியம் பண்ணிக் குடுத்தேன், சொல்லமாட்டேன்னு... நீ இப்டி கால்ல வுழறத பாத்துகினு என்னால முடில. ஸ்வாதிதான் கொண்டாந்து குடுத்தா அந்த பைல. பத்திரிகயில போட சொந்தக்காரங்க பேரு எடுக்கலாம்னு உன் கம்ப்யூட்டர தொறந்துக்கீறா, தேதியோட எல்லாத்தையும் படிச்சிட்டா. மனோகரன் மெயிலு ஐடியும் அவதான் குடுத்தா. 'உங்க பேர்ல போடுங்க மாமா, கல்யாணம் தானா நிக்கட்டும், அம்மா உங்கள திட்டிகினு போவட்டும், எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியவே கூடாது'ன்னு இங்கயே, இதே ஸ்டூலுல குந்திகினு அழுதா. ஒடனே வரலக்கா அவ என்னாண்ட. இருவது நாளு பாத்துக்கீறா, நீயா சொல்லுவன்னு. முகூர்த்தப் பொடவ எடுக்க நீங்க ரெண்டு பேரு மட்டும் போனீங்களாமே... அம்மா இன்னிக்கி எப்டியும் சொல்லிடும்னு கடையில உன் மொகத்தயே பாத்துகினு இருந்தாளாம். நீ, அரக்கு கலரா, பச்சயான்னு மட்டும்தான் கேட்டியாம்.